பாடியது போதையா, உழைப்பா?

ராக் இசையைப் பற்றி நேயர்களிடம் பேச ஆரம்பித்தால், பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்: “அவங்க எல்லாம் போதையில இருந்தாங்கக்கா, அதனாலதான் அப்படி ஒரு மியூசிக் வந்துச்சு.” சொல்பவர் தப்பான எண்ணத்தில் சொல்வதில்லை. அந்த இசையின் மீது அவருக்கு இருக்கும் வியப்புதான் அப்படி வெளிப்படுகிறது. ஆனால் அதே வாக்கியத்தைச் சொந்தமாகப் பாட்டு எழுதி, வீட்டு அறையில் கணினி வைத்து ஒலிப்பதிவு செய்யும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளும் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நல்ல இசைக்கு அது ஒரு குறுக்குவழி என்று அவர்கள் உள்ளுக்குள் நம்பிவிடக் கூடாதே என்ற பயம்.

அதனால் இந்த வாரம் ஒரே ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு, அது எப்படி உருவானது என்று முதலிலிருந்து பார்க்கலாம். ‘போதையில் பிறந்த இசை’ என்று உலகமே கைகாட்டும் தட்டு அது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் முதல் ஆல்பம், ‘தி பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்’. வெளியான ஆண்டு 1967.

சைக்கடெலிக் என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் 1950களில், கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்து உருவாக்கியது. ‘மனத்தை வெளிப்படுத்துவது’ என்று பொருள் கொள்ளலாம். மருத்துவ ஆய்வில் பிறந்த சொல், பத்தாண்டுக்குள் ஒரு இசை வகைக்குப் பெயராகிவிட்டது. நீண்டு சுழலும் கிட்டார், எதிரொலி, தலைகீழாக ஓடும் ஒலி, கனவு போன்ற வரிகள் எல்லாம் அதன் அடையாளங்கள்.

பிங்க் ஃபிளாய்ட் என்றால் நம்மில் பலருக்கு 1973இல் வந்த ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தின் முக்கோணக் கண்ணாடி அட்டைதான் நினைவுக்கு வரும். அந்த டி-சட்டையைப் போடாத கல்லூரி வளாகம் எது? ஆனால் முதல் ஆல்பத்தில் இருந்த குழு வேறு. ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் லண்டனில் கட்டடக்கலை படிக்கப் போன இடத்தில் சந்தித்தவர்கள். நான்காமவர் ஓவியம் படிக்க வந்தவர். கேம்பிரிட்ஜ் நகரத்துப் பையன், பெயர் ரோஜர் கீத் பாரெட். எல்லாரும் சிட் என்றே கூப்பிட்டார்கள். குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதல் பெயர்களை ஒட்டவைத்தார். அவ்வளவுதான் ரகசியம்.

1966 டிசம்பரில், லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் ஓர் ஐரிஷ் நடனக் கூடத்தின் கீழ்த்தளத்தில் யூஎஃப்ஓ என்ற இசை மன்றம் தொடங்கியது. அங்கே இவர்கள் வாசித்தபோது, எண்ணெயும் சாயமும் கலந்த கண்ணாடிச் சில்லுகளின் வழியே விளக்கைப் பாய்ச்சுவார்கள். மேடையும் ஆட்களும் வண்ணக் குழம்பில் மிதப்பதுபோல் இருக்கும். ஒரே பாட்டு நெடுநேரம் நீளும். அன்று வாசித்தது நாளைக்கு வராது. கூட்டம் அதற்காகவே வந்தது.

இந்த இசையை இசைத்தட்டில் அடைப்பது எப்படி? அங்கேதான் கதை சூடுபிடிக்கிறது.

1967 பிப்ரவரி இறுதியில் இஎம்ஐ நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. முன்பணம் 5,000 பவுண்ட். முதல் பாட்டான ‘ஆர்னல்ட் லேன்’ பாடலை வெளியில் ஒரு ஸ்டூடியோவில் தயாரித்தவர் ஜோ பாய்ட். ஆனால் ஆல்பத்தை எங்கள் கூடத்தில், எங்கள் ஆள்தான் தயாரிப்பார் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அந்த ஆள் நார்மன் ஸ்மித். நாற்பதைக் கடந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தவர். பீட்டில்ஸ் குழுவின் ஒலிப்பதிவுப் பொறியாளராக 1965இல் வந்த ‘ரப்பர் சோல்’ வரைக்கும் உட்கார்ந்தவர். அவருக்குப் பிடித்தது ஜாஸ். யூஎஃப்ஓ மன்றத்துக் கூட்டத்தில் அவரை நிறுத்தினால், பிள்ளையைத் தேடி வந்த அப்பா என்றுதான் நினைப்பார்கள்.

கூடம், ஆபி ரோடு. 1931இல் திறக்கப்பட்ட இடம். அன்று அங்கே தொழில்நுட்பப் பணியாளர்கள் ஆய்வகத்தில் இருப்பதுபோல் வெள்ளை அங்கி அணிந்து வேலை செய்தார்கள். காலை, பிற்பகல், இரவு என்று நேர அட்டவணை போட்டு நடந்த கூடம் அது. இப்படிப்பட்ட இடத்துக்குள் பூப்போட்ட சட்டையும் சுருட்டை முடியுமாக 21 வயது சிட் பாரெட் நுழைந்தார். 1967 பிப்ரவரி 21ஆம் தேதி ஒலிப்பதிவு தொடங்கியது. முதலில் கையில் எடுத்த பாட்டு ‘மட்டில்டா மதர்’.

இந்தப் பாட்டின் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. இரவில் கதை வாசித்துக் காட்டும் தாயிடம் ஒரு குழந்தை பேசும் பாட்டு. பாரெட் முதலில் அதில் ஹிலேர் பெல்லாக் என்ற எழுத்தாளர் குழந்தைகளுக்கு எழுதிய வேடிக்கைச் செய்யுள்களைப் பயன்படுத்தியிருந்தார். பெல்லாக்கின் படைப்புரிமையை வைத்திருந்தவர்கள் அனுமதி கொடுக்கவில்லை. பாரெட் என்ன செய்தார்? உட்கார்ந்து அந்தப் பகுதிகளுக்குப் புதிதாக வரி எழுதினார். மெட்டுக்குள் அடங்க வேண்டும், குழந்தையின் குரல் கெடக்கூடாது, கதை அறுந்துபோகக் கூடாது. இதைச் செய்தது மயக்கம் அல்ல. சொல்லை எண்ணிப் பார்த்து வைக்கத் தெரிந்த மூளை.

அடுத்து, கருவிகள். இன்று நம் கைப்பேசியில் இருக்கும் இலவசச் செயலியில்கூட பல தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்யலாம். அன்று ஆபி ரோட்டில் இருந்தது நான்கு தட நாடா இயந்திரம். நான்கே தடம். டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஆர்கன் போட்டால் தீர்ந்தது. பாட இடமில்லை. அதனால் அந்த நான்கையும் கலந்து இன்னொரு நாடாவில் ஒன்றிரண்டு தடத்துக்குள் ஒடுக்குவார்கள். மிச்சத் தடங்களில் புதிதாகப் பதிவு செய்வார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருமுறை ஒடுக்கிவிட்டால் டிரம்ஸ் சத்தம் கொஞ்சம் அதிகம் என்று பிறகு தோன்றினாலும், பிரித்தெடுக்க முடியாது. குழம்பில் போட்ட உப்பு மாதிரி. ஒவ்வொரு அடியிலும் முடிவெடுத்தே ஆகவேண்டும்.

நான் ஊடகவியல் படித்த காலத்தில் எங்களுக்குப் பழைய ரீல் நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டக் காட்டினார்கள். ஒரு மூச்சுச் சத்தத்தை எடுத்து வீசுவதற்கு அரை மணி நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு 1967இன் ஆல்பங்களை நான் கேட்கும் விதமே மாறிவிட்டது.

‘பைக்’ என்ற பாட்டோடு ஆல்பம் முடியும். ஒரு பையன் தன் தோழியிடம் தன் மிதிவண்டியில் தொடங்கி ஒவ்வொன்றாகக் காட்டிப் பெருமை பேசும் பாட்டு. கடைசியில் அவளை ஓர் அறைக்குள் அழைத்துப் போவான். அந்த அறைக்குள் கடிகாரங்கள், மணிகள், பல்சக்கரம் சுழல்வதுபோன்ற சத்தங்கள் எல்லாம் ஒன்றாகக் கேட்கும். கடைசியாக வாத்துக் கூட்டம்போல ஒரு சிரிப்பு, திரும்பத் திரும்ப. அது எப்படி வந்தது? பதிவு செய்த ஒலியின் நாடாவை வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி, இயந்திரத்தில் சுற்ற விட்டால் வரும். யாரோ ஒருவர் கத்தரியும் ஒட்டுநாடாவுமாக நின்றால்தான் அந்த ‘மாயம்’ நடக்கும்.

பாரெட்டின் கிட்டாரும் அப்படித்தான். பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிய எதிரொலிப் பெட்டி அவரிடம் இருந்தது. நாடாவுக்குப் பதிலாகக் காந்தம் பூசிய உருளை உள்ளே சுழலும். வாசித்த ஒலியை அது பிடித்து, அடுத்தடுத்துத் திருப்பித் தரும். சிகரெட் லைட்டரைக் கம்பிமேல் வழுக்கவிட்டு வாசிப்பார். வழுக்கி எழும் அந்த ஒலியை எக்கோரெக் பல மடங்காக்கும். குரல்களுக்கு இருந்தது வேறொரு வித்தை. ஆபி ரோட்டுப் பொறியாளர் கென் டவுன்செண்ட் 1966இல் கண்டுபிடித்த முறை. ஒரே குரலை இரண்டாவது இயந்திரத்தின் வழியே நூலிழை தாமதத்தோடு அனுப்பி, மூலக் குரலோடு சேர்த்தால், ஒருவரே இரண்டு முறை பாடியதுபோல் குரல் தடிக்கும். இந்த ஆல்பத்தின் மிதக்கும் குரல்களுக்குப் பின்னால் இந்தத் தொழில்நுட்பம் இருக்கிறது.

‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ என்ற பாட்டுக்கு வருவோம். பாட்டு என்கிறேன், ஆனால் அதில் வார்த்தையே கிடையாது. 9 நிமிடம் 41 விநாடி ஓடும் வாத்திய இசை. அதன் தொடக்க மெட்டு பிறந்த கதை சுவையானது. குழுவின் மேலாளர்களில் ஒருவரான பீட்டர் ஜென்னர், லவ் என்ற அமெரிக்கக் குழு பாடிய ஒரு பாட்டை முனகிக் காட்டினார். அவருக்குப் பாட வராது. முனகியது கோணல்மாணலாக இருந்தது. பாரெட் அந்தக் கோணலையே கிட்டாரில் வாசித்துப் பார்த்தார். புது மெட்டு கிடைத்துவிட்டது!

யூஎஃப்ஓவில் எல்லையில்லாமல் வளர்ந்த இந்த வாசிப்பைத் தட்டுக்குள் கொண்டுவர, கூடத்தில் ஒரு வழி கண்டார்கள். ஒருமுறை முழுதாக வாசித்ததன் மீதே இன்னொரு முழு வாசிப்பை ஏற்றினார்கள். இரண்டும் அச்சாக ஒன்றல்ல. சில இடங்களில் சேரும், சில இடங்களில் விலகும். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் வாசிப்பதுபோல் அடர்த்தி தெரியும். ஸ்டீரியோ பதிப்பில், முடிவுக்குச் சற்று முன்பு ஒலி இடக்காதுக்கும் வலக்காதுக்கும் மாறி மாறிப் பாயும். அது ஒலிக்கலவைப் பலகையில் ஒரு கை செய்த வேலை.

பாரெட்டுக்கும் ஸ்மித்துக்கும் ஒத்துப்போனதா என்றால், முழுதாக இல்லை. “இன்னொரு முறை பாடுங்கள், இந்த இடத்தை மட்டும் மாற்றுங்கள்” என்று கேட்பது ஒரு தயாரிப்பாளரின் அன்றாடம். பாரெட்டோ ஒருமுறை பாடியதுபோல மறுமுறை பாடமாட்டார். ஸ்மித்தின் அனுபவத்தில் இது தலைவலி. ஆனால் அந்த இழுபறியே ஆல்பத்தைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. ஸ்மித் இல்லையென்றால் முடிவில்லாத வாசிப்பாகப் போயிருக்கும். பாரெட் இல்லையென்றால் இன்னொரு சாதாரண பாப் தட்டாக ஆகியிருக்கும். மொத்தம் 11 பாடல்களில் 8 பாரெட் தனியாக எழுதியவை. பெரும்பாலானவை குறுகிய பாடல்கள். ஒரு பூனை, ஒரு குள்ள மனிதர், வயலில் நிற்கும் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை. குழந்தையின் கண்ணால் பார்த்த உலகம் அது. ஆல்பத்தின் தலைப்பே கென்னத் கிரஹாம் 1908இல் எழுதிய குழந்தைகள் நாவல் ஒன்றின் ஏழாம் அத்தியாயத் தலைப்பு.

அதே மாதங்களில், அதே கட்டடத்தின் பக்கத்துக் கூடத்தில் பீட்டில்ஸ் ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தைச் செய்துகொண்டிருந்தது. மார்ச் மாதம் ஒருநாள் இந்த நால்வரையும் அங்கே அழைத்துப் போனார்கள். ‘லவ்லி ரீட்டா’ பாட்டுக்கு வேலை நடந்துகொண்டிருந்ததாம். ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்கள். அட்டைப்படத்திலும் பீட்டில்ஸ் தொடர்பு உண்டு. விக் சிங் என்ற புகைப்படக் கலைஞர், ஜார்ஜ் ஹாரிசன் தந்த பல முகம் காட்டும் லென்ஸைப் பூட்டி எடுத்த படம்தான் முன்னட்டை. நால்வர் பலராகத் தெரிவார்கள். பின்னட்டைக் கோட்டுருவம் பாரெட் வரைந்தது.

ஆல்பம் ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியாகி, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடம் வரை ஏறியது.

இப்போது கசப்பான பகுதி. பாரெட் எல்.எஸ்.டி. எடுத்தார் என்பது உண்மை. பிரிட்டனில் 1966இலேயே தடை செய்யப்பட்ட போதைப்பொருள் அது. ஆல்பத்துக்கு முன்பும் எடுத்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கூடத்தில் நடந்த வேலையின் பெரும்பகுதி பிப்ரவரி முதல் மே வரை. பல பாடல்கள் அதற்கு முன்பே தயார். கோடைக்காலத்தில் அவருடைய பழக்கம் முற்றுகிறது. ஜூலையில், ‘சீ எமிலி பிளே’ பாட்டுக்காக பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு மூன்று முறை அழைப்பு. மூன்றாம் முறை அவருக்கு மேடையேறவே மனமில்லை. நவம்பரில் அமெரிக்கப் பயணம் பாதியிலேயே நின்றது. மேடையில் வெறித்துப் பார்த்தபடி, ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டு நின்ற இரவுகளும் உண்டு. 1968 ஜனவரியில், சவுத்தாம்ப்டன் நகரத்து நிகழ்ச்சிக்கு வண்டியில் போகும் வழியில், அவரை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். அதற்குள் டேவிட் கில்மோர் குழுவில் சேர்ந்திருந்தார். ஏப்ரலில் பாரெட் விலகல் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது.

அதே 1968இல் வந்த இரண்டாம் ஆல்பத்தில் பாரெட் எழுதிய பாடல் எத்தனை தெரியுமா? ஒன்று.

எட்டு, பிறகு ஒன்று. போதைதான் பாடியது என்றால், போதை கூடக்கூடப் பாட்டும் கூடியிருக்க வேண்டுமே? நடந்தது நேர்மாறு. அவருடைய மனத்துக்கு என்ன ஆயிற்று, அதில் போதைப்பொருளின் பங்கு எவ்வளவு, புகழின் நெருக்கடிக்கு எவ்வளவு, முன்பே இருந்திருக்கக்கூடிய நோய்க்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் மருத்துவர் அல்ல. ஆனால் வேலை செய்த காலத்தில் பாட்டு வந்தது, வேலை செய்ய முடியாத காலத்தில் வரவில்லை என்பதைச் சொல்ல மருத்துவப் படிப்பு தேவையில்லை.

அந்த வண்டியில் இருந்தவர்களை வில்லன்களாக்கவும் எனக்கு மனமில்லை. எல்லாரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். நண்பனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிகிறது. அதைப் பேச வார்த்தை இல்லை. இன்றைக்கு நிகழ்ச்சி இருக்கிறது, நாளைக்கும் இருக்கிறது. கேட்காமல் கடந்து போவது சுலபம். நம் வீடுகளிலும் இது நடக்கிறதே! “ஒரு மாதிரி ஆயிட்டான்” என்ற மூன்று சொல்லோடு எத்தனை பிள்ளைகளைப் பற்றிய பேச்சை முடித்துவிடுகிறோம்?

1970இல் பாரெட் இரண்டு தனி ஆல்பங்கள் வெளியிட்டார். கில்மோரும் வாட்டர்ஸும் அவற்றின் தயாரிப்பில் கைகொடுத்தார்கள். அதன் பிறகு அவர் இசையை விட்டு விலகி, கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். ஓவியம், தோட்டம் என்று அமைதியாக வாழ்ந்தார். 1975 ஜூனில் ஒருநாள், அதே ஆபி ரோடு கூடத்துக்குத் திடீரென்று வந்து நின்றார். உடல் பருத்து, தலைமுடியையும் புருவத்தையும் மழித்திருந்தவரைப் பழைய நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர்கள் அப்போது செய்துகொண்டிருந்தது, அவரை நினைத்து எழுதிய ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’. 2006 ஜூலையில் புற்றுநோயால் காலமானபோது பாரெட்டுக்கு வயது 60. இசையில் அவர் முழுவீச்சில் இருந்த காலம் இரண்டு ஆண்டுகூட வராது.

பாட்டு எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த ஆல்பத்திலிருந்து திருட விரும்பினால் தாராளமாகத் திருடுங்கள். நான்கு தடம் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு செய்து பாருங்கள். முடிவெடுக்கக் கற்றுக்கொள்வீர்கள். அனுமதி கிடைக்காத வரியை அழித்துவிட்டு, அதைவிட நல்லதாக ஒன்று எழுதிப் பாருங்கள். உங்களோடு ஒத்துப்போகாத, ஆனால் வேலை தெரிந்த ஒரு பெரியவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நண்பன் ஒருவன் பேச்சைக் குறைத்துக்கொண்டால், ஒத்திகையை நிறுத்திவிட்டு என்னவென்று கேளுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நிகழ்ச்சி ஒருநாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஓர் இரவு, வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். ‘அஸ்ட்ரானமி டாமினே’யில் தொடங்கி ‘பைக்’ வரைக்கும் வரிசையாகக் கேளுங்கள். ஒரு பாட்டையும் தாண்டிப் போகாதீர்கள். அந்த வாத்துச் சிரிப்பு சுற்றிச் சுற்றி வரும்போது, கத்தரியும் நாடாவுமாக நின்ற அந்தக் கைகளைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.